மூன்று கை விதை

பிரேமுக்குக் காத்திருக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சாமைக்கு ஐந்து மாதம், மரவள்ளிக்குப் பத்து மாதம், மிளகுக் கொடிக்கு மூன்று வருடம். எல்லாவற்றுக்கும் காத்திருந்து பழகியவன்தான். மலைமேல் திருப்புலி நாட்டில் பிறந்தவனுக்கு அதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கெல்லாம் ஒரு கெடு உண்டு. படுத்துக் கிடக்கிற பெண்டாட்டி எந்த மாதம் எழுந்திருப்பாள் என்று எந்தப் பஞ்சாங்கத்தில் பார்ப்பது? அங்கேதான் ஆள் மாட்டிக்கொண்டான்.

தை மாதம் சங்கீதாவுக்குத் தலைப்பிரசவம். ஒன்பது மாதமும் ஒரு குறையும் இல்லை. வலி எடுத்ததும் வண்டி வந்தது, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கிக் கீழே ஆஸ்பத்திரியிலும் சேர்த்தாயிற்று. பெண் குழந்தை. அழவில்லை. மூச்சே இல்லை. டாக்டரம்மா என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவளே அழுதாள். யாரைக் குற்றம் சொல்வது? ஒருத்தரையும் சொல்ல முடியவில்லை, அதுதான் கொடுமை. யாரையாவது வாய் வலிக்கத் திட்டியிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

மலைக்குத் திரும்பி வந்தவள் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அவ்வளவுதான்.

எப்பேர்ப்பட்டவள் தெரியுமா அவள்! பஸ் நிறுத்தாமல் போனால் அடுத்த நாள் ரோட்டுக்கு நடுவில் நின்று, "ஏனுங்க கண்டக்டரு, நாங்கெல்லாம் மனுசங்களாத் தெரியலீங்களா?" என்று கேட்டு நிறுத்துகிறவள். ஆட்டோடு சண்டை போடுவாள், மழையோடு சண்டை போடுவாள், சண்டை போடப் பிரேம் இல்லாத நேரத்தில் அடுப்போடு சண்டை போடுவாள். அந்த வாயா இப்படி மூடிக்கொண்டது என்று பிரேமுக்கு நம்பவே முடியவில்லை. முதல் மாதம் ஊர்க்காரர்கள், "பாவம்" என்றார்கள். அப்புறம், "இன்னுமா?" என்றார்கள். பங்குனி கடைசியில் தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டுப் பாவாயி, "நமக்கெல்லாம் செத்துப் பொறக்கலியா? மூணாம் நாளு களையெடுக்கப் போனமே" என்றது அவன் காதில் நன்றாகவே விழுந்தது. அவனுக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான் இருந்தது.

நர்சம்மா ஜெனிபர்தான் விடாமல் வந்தாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண், மலைக்கு வேலைக்கு வந்து மூன்று வருடமாகிறது. சங்கீதாவைக் கையைப் பிடித்து எழுப்பி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டி, மாத்திரை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். ஒருநாள் வாசலில் பிரேம் அவளை மறித்துக்கொண்டான்.

"எத்தன நாளைக்குங்க இது?"

"சொல்ல முடியாதுண்ணே."

"சும்மா உத்தேசமாச் சொல்லுங்க. ஆடிக்குள்ள எந்திரிச்சுருவாளா?"

"காய்ச்சல்னா மூணு நாள்னு சொல்லலாம். இது மனசுக்கு வந்த நோவு. மாத்திரை வேலை செய்யவே ஒரு மாசத்துக்கு மேல ஆகும். எந்திரிப்பாங்க, மறுபடி படுப்பாங்க. நீங்க மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க."

"ஒரு தேதி சொல்லுங்கம்மா. அதுவரைக்கும் வாயத் தொறக்காம இருந்துக்கறேன்."

"தேதி இல்லண்ணே. அதான் இதுல கஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். தேதி இல்லாமல் என்ன வைத்தியம் என்று பிரேமுக்கு ஆத்திரமாக வந்தது.

வைகாசி பிறந்தது. இரண்டு மழை பெய்து மண் நனைந்தது. இங்கேதான் அந்த வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவன் பட்ட பாடு விளங்காது. பிரேமின் வகையறாவில் சாமை விதைக்கிற அன்று வீட்டுக்காரி விடிய எழுந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். பரணிலிருந்து விதைப் பானையை இறக்குவாள். புருஷன் துண்டை விரித்துப் பிடிக்க, மூன்று கை அள்ளிப் போடுவாள். அந்த மூன்று கை விழுந்த பிறகுதான் ஆண்பிள்ளை மீதி விதையைத் தொடலாம். வீட்டுக்காரி செத்துப்போன வீட்டில் மட்டும் புருஷனின் கூடப் பிறந்தவள் வந்து அள்ளிப் போடுவாள். அவள் கை பானைக்குள் போனாலே ஊருக்குத் தெரிந்துவிடும், இந்த வீட்டில் பெண்டாட்டி இல்லை என்று.

கல்யாணமான முதல் வருடம் சங்கீதா மூன்று கை போட்டுவிட்டு, நான்காவது கையை ஓங்கிக்கொண்டே, "கூலி என்ன தருவீங்க? சொல்லுங்க, இல்லாட்டி திருப்பி எடுத்துக்குவேன்" என்றாள். பிரேம் சிரித்த சிரிப்பில் துண்டே நழுவப் பார்த்தது. நான்கு வருடம் அவள் கை பட்டுத்தான் அந்தக் காடு விளைந்தது.

இந்த வருடம் பக்கத்துக் காடெல்லாம் விதைத்து முடித்தார்கள். ஆனி பிறந்தது. பிரேம் தினமும் காலையில் உள்ளறை வாசலில் நின்று பார்ப்பான். முதுகு தெரியும். "சங்கீதா, மண்ணு பதமா இருக்குது கண்ணு" என்பான். முதுகு அசையாது. சில நாள் கெஞ்சினான். சில நாள் பாத்திரத்தை டமார் என்று வைத்தான். மந்திரித்த கயிறு வாங்கி வந்து கட்டினான். ஒருநாள் அவளைத் தூக்கி நிறுத்தியே விட்டான். அவள் நின்றாள். அவன் கையை விட்டதும் அப்படியே மடங்கி உட்கார்ந்தாள்.

அவன் அக்காள் சென்னம்மாள் இரண்டு குன்று தள்ளி வாழ்க்கைப்பட்டவள். தம்பி மேல் உயிர். வந்ததும் வராததுமாகச் சண்டைக்கு நின்றாள்.

"ஏண்டா சாமி, இந்த மழ போச்சுன்னா மறுபடி வருமா? நான் வந்து அள்ளிப் போடறேன். ஊரு என்ன சொன்னா நமக்கென்ன?"

"அவ உசுரோட இருக்கறாக்கா."

"உசுரோட இருக்கறவ இப்புடியா கெடப்பா? நீ எளச்சுத் துரும்பாப் போயிட்ட. உன்னப் பாக்கறதுக்கு எனக்கு வயிறு எரியுதுடா."

அக்காள் போன பிறகு அவள் சொன்னது மட்டும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. அன்று சாயங்காலம் நல்ல மழை. இனி நான்கு நாளைக்குள் விதைக்காவிட்டால் இந்த வருடம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். கஞ்சியைக் கொண்டு போய் வைத்தான். அவள் திரும்பவில்லை. அவ்வளவு நாள் அடக்கி வைத்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"நீ இருக்கறயா, செத்தயா? ஒண்ணு சொல்லிப்போடு! நானும் மனுசந்தான். எனக்கும் அது கொழந்ததான்!"

சுவரிடமிருந்து பதில் வந்தது.

"செத்துப்போனேன்னே வெச்சுக்கங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை பாவி. உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். பிரேம் மழையில் நனைந்துகொண்டே சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஏறிப்போய் அக்காளுக்குப் போன் போட்டான். "காலைல வாக்கா" என்றான்.

சென்னம்மாள் விடிவதற்குள் வந்துவிட்டாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு பரணிலிருந்து பானையை இறக்கினாள். வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். பூச்சி வராமல் இருக்கச் சாம்பல் கலந்து வைத்த விதை. வாசலில் பிரேம் துண்டை விரித்துப் பிடித்தான். சென்னம்மாள் பானைக்குள் கையை விட்டாள்.

அப்போது என்னவோ தோன்றி அவன் உள்ளே பார்த்தான். சங்கீதா திரும்பியிருந்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக முகம் இந்தப் பக்கம் இருந்தது. அவனைப் பார்க்கவில்லை, துண்டைத்தான் பார்த்தாள். தடுக்கவில்லை, அழவில்லை. தன் கருமாதியைத் தானே கூட்டத்தோடு நின்று பார்க்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேம் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"வேண்டாங்க்கா."

"என்னது?"

"வேண்டாம். உள்ள போட்டுரு."

"அப்ப காட்ட என்ன பண்றது?"

"கெடக்கட்டும்."

"எத்தன நாளைக்குடா?"

"தெரியலக்கா."

சென்னம்மாள் கையிலிருந்ததைப் பானைக்குள் விசிறினாள். "உன்ற தலையெழுத்து. நாளைக்குச் சோத்துக்கு இல்லைன்னு என்ற ஊட்டு வாசப்படி ஏறாத" என்று மூக்கைச் சிந்தினாள். வளைவு திரும்புகிற வரைக்கும் அவள் அழுகிற சத்தம் கேட்டது. பிரேம் உள்ளே பார்த்தபோது சங்கீதா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள்.

இதோடு அவனுக்குப் பொறுமை வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே வந்தது? வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். நான்காம் நாள் மழை ஓய்ந்தது. காட்டில் அருகும் பார்த்தீனியமும் முளைத்தன. ஆடியில் அதன் மேல் ஏதோ மஞ்சள் பூ வேறு பூத்துத் தொலைத்தது. வாசலூர்பட்டி படகு இல்லத்துக்கு வழி கேட்டு வந்த ஒரு கார் அங்கே நின்றது. இறங்கினவர்கள், "எவ்வளவு அழகா இருக்கு!" என்று அந்தப் பாழும் காட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிரேமையே கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அவனும் எடுத்துக் கொடுத்தான். அவர்கள் போன பிறகு வரப்பில் குந்தி அரை மணி நேரம் அழுதான்.

அர்த்தனாரியின் மிளகுத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனான். காலையில் அடுப்பு மூட்டி, கஞ்சி காய்ச்சி, மாத்திரை கொடுத்து, அவளுக்குத் தலை வாரிவிட்டுப் போவான். அந்தத் தலை வாருகிற கதை பெரிய கதை. மாதக்கணக்கில் படுத்துப் படுத்து முடி கெட்டியாகச் சிக்குப் பிடித்துவிட்டது. வெட்டிவிடு என்றாள் பாவாயி. பிரேம் விளக்கெண்ணெய் தடவி, ஒரு நாளைக்கு ஒரு விரல் அகலம் என்று பிரித்தான். சிக்கெடுத்து முடிக்க நாற்பது நாள் ஆயிற்று. முடிந்த அன்று அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. எரிச்சலில் சீப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனவன், சாயங்காலம் வந்து அதைத் தேடி எடுத்தான்.

ஒருநாள் மாத்திரை வாங்கப் போன இடத்தில் நாமக்கல் பஸ் வந்து நின்றது. ஏறிவிடலாம் என்று தோன்றியது. எங்கே என்றில்லை, கீழே. திருப்பூர், ஈரோடு, எங்கேயாவது. யாருக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லாத ஒரு இடத்தில் போய்ப் படுத்துத் தூங்கலாம். படியில் ஒரு காலும் வைத்துவிட்டான். சட்டைப் பையில் மாத்திரை அட்டை சரசரத்தது. "ஏறுனா ஏறு, இல்லாட்டி எறங்கு" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். இறங்கினான். அன்பினால் இறங்கினான் என்று சொன்னால் பொய். அந்த மாத்திரையை வேறு யார் கொண்டு போய்க் கொடுப்பார்கள் என்று இறங்கினான்.

ஆவணியில் இன்னொரு பிடுங்கல் வந்தது. சங்கீதாவுக்கு ரேஷன் அரிசிச் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. சாமைக் கஞ்சி மட்டும்தான், அதுவும் நான்கு வாய். போன வருடத்துச் சாமை தீர்ந்துபோயிற்று. அறுவடைக்கு முந்தின மாதங்களில் எல்லார் வீட்டுப் பானையும் காலிதான். செம்மேடு கடையில் பாலிஷ் போட்ட சாமை அரிசி வாங்கி வந்து காய்ச்சினான். ஒரு வாய் வாங்கி அப்படியே துப்பிவிட்டாள். அடுத்த நாளும் துப்பினாள். அதற்கடுத்த நாள் வாயையே திறக்கவில்லை.

பிரேம் பரணைப் பார்த்தான். பார்த்துவிட்டு வெளியே போனான். திரும்பி வந்து மறுபடி பார்த்தான். விதையைத் தின்கிறவனை அந்த மலையில் மனிதனாக மதிக்க மாட்டார்கள். வெறும் பசிக்குப் பயந்து அதில் கை வைத்தவன் யாரும் அவன் வகையறாவில் இல்லை. வீட்டுக்காரி தொடாமல் ஆண்பிள்ளை தொடக்கூடாத பானை வேறு. கதவைச் சாத்திக்கொண்டு இறக்கினான். இரண்டு கை அள்ளி, சாம்பல் போக மூன்று தண்ணீரில் கழுவி, காயவைத்து, யாருக்கும் கேட்காமல் குத்தினான். திருடனுக்குக்கூட அவ்வளவு பயம் இருக்காது. கஞ்சி காய்ச்சிக் கொண்டு போனான். சங்கீதா ஒரு வாய் வாங்கினாள். இன்னொரு வாய்க்கு வாயைத் திறந்தாள். கிண்ணம் முடிகிற வரைக்கும் குடித்தாள். அவனுக்குச் சந்தோஷமா துக்கமா என்றே பிரிக்கத் தெரியவில்லை.

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. பானையில் விதை குறைந்துகொண்டே வந்தது. அவள் எழுந்திருக்கவும் இல்லை, சாகவும் இல்லை. ஜெனிபர் வரும்போதெல்லாம் தேதி கேட்பதை அவன் எப்போது நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியாது. ஒருநாள் அவள்தான், "என்னண்ணே, இப்பல்லாம் ஒண்ணும் கேக்குறதில்ல?" என்றாள். "கேட்டா மட்டும் சொல்லவா போறீங்க?" என்றான். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

கார்த்திகை. சுற்றிலும் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. களத்தில் தாள் அடிக்கிற சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். பிரேம் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். நிமிர்ந்தால் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சங்கீதா நிற்கிறாள். தானாக எழுந்து வந்திருக்கிறாள். முகம் கழுவியிருந்தாள், தண்ணீர் சொட்டியது. அவனுக்குக் கோடாலி கையிலேயே நின்றுபோயிற்று. சத்தம் போட்டால் ஓடிவிடுவாளோ என்கிற மாதிரி மெதுவாக அதைக் கீழே வைத்தான்.

அவள் காட்டைப் பார்த்தாள். இடுப்பளவு பார்த்தீனியம்.

"ஏனுங்க, வெதைக்கலீங்களா?"

"நீ அள்ளிக் குடுக்கலியே."

அவள் அதை யோசித்தாள். மெதுவாக உள்ளே போனாள். பரணுக்குக் கீழே முக்காலி இழுக்கிற சத்தம் கேட்டதும் பிரேமுக்கு உயிரே போய்விட்டது. ஓடினான். அதற்குள் பானையை இறக்கித் தரையில் வைத்துவிட்டாள். துணியை அவிழ்த்து உள்ளே கையை விட்டாள். கை அடி வரைக்கும் போயிற்று.

"வெதை எங்கீங்க?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தான். எலி தின்றது, அக்காள் வாங்கிப் போனாள். ஒன்றும் வாயில் வரவில்லை.

"கஞ்சி காச்சிட்டேன்."

"ஆருக்கு?"

"உனக்குத்தான். வேற எதும் எறங்கலியே உனக்கு."

சங்கீதா பானைக்குள் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். "அப்ப நாந்தான் தின்னுட்டனா?" என்றாள். "கொழந்தையும் போச்சு, வெதையும் நானே தின்னுட்டேன்." பத்து மாதத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள். பிரேமும் அழுதான். தேற்றவெல்லாம் இல்லை, தேற்றத் தெரிந்திருந்தால்தானே! பானைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தராக உட்கார்ந்து அழுது தீர்த்தார்கள்.

அழுது முடிந்ததும் அவள் முறத்தை எடுத்து, பானையைக் கவிழ்த்துத் தட்டினாள். சாம்பல் குவிந்தது. சாம்பலுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாமை கிடந்தது. அவன் அள்ளுகிற அவசரத்தில் விட்டதும், அடியில் ஒட்டியதும். அவள் குனிந்து விரல் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டாள். பத்து, பதினைந்து, இருபது இருக்கும். அதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது. கை தொங்கிப்போயிற்று.

"முடியலீங்க" என்றாள். "நாளைக்குப் பொறுக்கறேன்."

நாளைக்கு! அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்டு எத்தனை காலமாயிற்று. பிரேம் தலையைத் திருப்பிக்கொண்டு, "சரி சாமி, அவசரமில்ல. அடுத்த வைகாசிக்குத்தான் வேணும்" என்றான். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தான்.

மறுநாள் அவள் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. முகம் சுவர்ப் பக்கம்தான் இருந்தது. நான்காம் நாள் சென்னம்மாள் மனசு கேட்காமல் புதுச் சாமை ஒரு மூட்டை தலையில் சுமந்து வந்தாள். நடுவீட்டில் சாம்பல் முறம் கிடப்பதைப் பார்த்து, "என்னடா இது, ஊட்டுக்குள்ள சாம்பலு? எடுத்துக் கொட்டட்டா?" என்று குனிந்தாள்.

"தொடாதக்கா. அவ பொறுக்கிட்டு இருக்கறா."

சென்னம்மாள் உள்ளறையை எட்டிப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். மூட்டையை இறக்கி வைத்தாள். பிரேம் கோழி கிளறாமல் இருக்க முறத்தின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்தான். பிறகு அதைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய் சங்கீதாவுக்குக் கஞ்சி வைத்தான்.